மெழுகும் உருவும்: எயிற்பட்டினக் கடற்கரையை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

மெழுகினால் உருச் சமைக்கும் கலை இரு நெறிப்பட்டது. மெழுகே வண்ணத்தைத் தாங்கி நிலைத்து நின்று ஓவியமாவது ஒரு நெறி. மெழுகு முதலில் உருவை ஏற்று, பின்னர்த் தான் நீங்கி, தான் இருந்த இடத்தைச் செம்புக்கோ வெண்மைக்கோ விட்டுக் கொடுப்பது மற்றொரு நெறி. முன்னதை மேனாட்டார் என்காஸ்டிக் என வழங்குவர். சுட்டுப் பதித்தல் என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருளாதலின், அதனை ஈண்டுச் சுடுமெழுகு ஓவியம் எனக் குறிப்போம். பின்னதற்குத் தமிழகத்துச் செப்புத் திருமேனிகளும், சோழமண்டலக் கரையின் எழுதுதுணிகளும் சான்றாவன.

தமிழகத்துக் கலைப்பொருள் எதனைப் பற்றிப் பேச்செழுந்தாலும், அது யவனர் தந்தது என்பாரும், யவனர்க்கு நாமே தந்தோம் என்பாருமாக இரு சாரார் எதிரெதிர் நிற்றல் நம் ஆராய்ச்சியுலகின் பழைய நோய். மெழுகைப் பற்றியும் அவ்வாறு எளிதாக ஒரு பக்கம் சாய்ந்துவிட இடமுண்டு. ஆயின், சான்றுகளை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு வேறொரு செய்தி புலனாகும். அதனை வானூரும் மரக்காணமும் அடங்கிய கடற்பகுதியை நடுவாகக் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பகுதியைத் தேர்ந்தது வாளா அன்று. சிறுபாணாற்றுப்படையின் தலைவனாகிய நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாடு இது. நல்லூர் நத்தத்தனார் அந்நூலுள் குறிக்கும் எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் என்றே அறிஞர் பலரும் கொள்வர். செங்கடற் செலவு நூலாகிய பெரிப்புளுசு, கீழ்க்கரைத் துறைகளாகக் கமரா, பொதுகே, சோபட்மா என மூன்றினை அடுத்தடுத்து உரைக்கின்றது. கமரா காவிரிப்பூம்பட்டினம், பொதுகே புதுச்சேரிக்குத் தெற்கேயுள்ள அரிக்கமேடு, சோபட்மா எயிற்பட்டினம் என்பர். எயில் என்பதும் சோ என்பதும் தமிழில் அரணையே குறித்தலின், சோப்பட்டினம் எயிற்பட்டினமாதல் பொருந்தும். ஒலி ஒற்றுமை ஒன்றையே நம்பி ஊர்களை இணைக்கும் முயற்சிகள் பெரும்பாலும் வழுக்கி விழுகின்றன. இங்கோ பொருள் ஒற்றுமையும் உடன் நின்று கை கொடுக்கின்றது.

சிறுபாணாற்றுப்படையின் நெய்தல் நிலத்தில் உமணர் உப்பு வண்டிகளுடன் செல்கின்றனர். உப்பளங்கள் இன்றும் மரக்காணத்தின் அடையாளமாக உள்ளன. அதன் தெற்கே வானூர் வட்டம் வரை விரிந்து கிடக்கும் கழுவெளி என்னும் உவர்நீர்ப் பரப்பு 2021ஆம் ஆண்டிற் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பெற்றது. உப்பும் வெயிலும் உவர்க்காற்றும் ஓயாத இந்நிலத்தில், மரத்தின் மீதோ துணியின் மீதோ எழுதிய வண்ணம் எங்ஙனம் நிலைக்கும்? இவ்வினாவை நாம் எழுப்புவதற்கு ஒரு காரணம் உண்டு.

கி. பி. 79இல் மறைந்த உரோம அறிஞர் பிளினி, தம் இயற்கை வரலாற்றின் முப்பத்தைந்தாம் பகுதியில் சுடுமெழுகு ஓவியத்தைப் பற்றிக் கூறுகின்றார். பண்டு அது இருவகையாக இருந்ததென்றும், போர்க்கலங்களுக்கு வண்ணம் தீட்டத் தொடங்கியபின் மெழுகைத் தீயில் உருக்கித் தூரிகையால் எழுதும் மூன்றாம் வகை தோன்றியதென்றும் அவர் எழுதுகின்றார். இவ்வகை வண்ணம் கலங்களில் வெயிலாலும் உப்பாலும் காற்றாலும் கெடுவதில்லை என்பது அவர் தரும் குறிப்பு. ஆகவே, சுடுமெழுகு ஓவியம் அரண்மனைச் சுவரில் மட்டும் வாழ்ந்த கலை அன்று. கலத்தின் பக்கப் பலகையில் அலை மோதக் கடல் கடந்த கலையும் ஆகும்.

இவ்விடத்து உள்ளம் விரைந்து ஒரு முடிவிற்கு ஓடும். மெழுகு வண்ணம் தீட்டிய யவனக் கலம் எயிற்பட்டினத் துறையில் வந்து நின்றது. நம் கைவினைஞர் அதனைக் கண்டு கற்றனர் என்று எழுதிவிடல் எளிது. ஆயின் பெரிப்புளுசே இதற்குத் தடை நிற்கின்றது. கீழ்க்கரைத் துறைகளைக் கூறுமிடத்து அந்நூல் எடுத்துரைப்பன உள்நாட்டுக் கலங்களே. கரையோரமாகவே மேற்குக் கடல் வரை செல்லும் கலங்களும், மரங்களைப் பிணைத்த சங்கரா என்பனவும், கங்கைக்கும் பொன்னாட்டிற்கும் செல்லும் கொளந்தியா என்னும் பெருங்கலங்களும் அங்குப் பேசப்படுகின்றன. யவனப் பண்டங்களுட் பெரும்பகுதி மேற்குக் கரையில் இறங்கிப் பின்னர் நம்மவர் கலங்களில் இங்கு வந்திருத்தல் வேண்டும். அரிக்கமேட்டில் 1945இல் வீலரும், அவர்க்குப்பின் 1947 முதல் கசாலும், 1989 முதல் விமலா பெக்லியும் நிகழ்த்திய அகழாய்வுகள் மதுச்சாடிகளையும் மட்கலங்களையும் மணிகளையும் நமக்குத் தந்தன. மெழுகு ஓவியம் தீட்டிய பலகை ஒன்றையும் தந்தில.

பலகை கிடைக்காமை அது இல்லாமைக்குச் சான்றாகாது என்பது உண்மையே. சுடுமெழுகு ஓவியங்களுள் இன்று மிகுதியாக எஞ்சியிருப்பன எகிப்தின் பாயூம் பகுதியில் பிணப்பேழைகளோடு வைக்கப்பெற்ற முகவோவியங்கள். கி. பி. முதல் நூற்றாண்டு முதல் மூன்றாம் நூற்றாண்டு வரையிலான அவை, அரிக்கமேட்டு வாணிகம் தழைத்த காலத்தோடு பெரும்பாலும் ஒத்த காலத்தன. 1888இல் பிளிண்டர்சு பெட்ரி அவாராவில் அகழ்ந்தெடுத்தபோது, நேற்று எழுதியன போன்று அவற்றின் கண்கள் ஒளிர்ந்தமைக்கு எகிப்தின் வறண்ட மணலே காரணம். சினாய் மலைத் துறவிமடத்தில் ஆறாம் நூற்றாண்டின் மெழுகு ஓவியங்கள் பிழைத்திருப்பதும் அத்தகைய வறட்சியால்தான். நம் கடற்கரையின் ஈரத்திலும் கறையானிலும் மரப்பலகை நூறாண்டு நிற்றலே அரிது.

தமிழர் சிலர் சுடுமெழுகு ஓவியத்தை அதன் பிறப்பிடத்திலேயே கண்டிருக்கவும் கூடும். செங்கடற் கரையின் பெரனிகேயில் கொறபூமான் என்ற தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடு கிடைத்தது. குசேர் அல்-காதிமில் கணன், சாதன் என்னும் பெயர்கள் பொறித்த ஓடுகள் கிடைத்துள்ளன. அங்குத் தங்கி வாணிகம் செய்த ஒரு சாதன், நைல் ஆற்றங்கரை ஊரொன்றில் இறந்தவனின் முகத்தை மெழுகில் எழுதிக்கொண்டிருந்த ஓவியனைக் கண்டானா? கண்டான் எனவும் காணவில்லை எனவும் கூறச் சான்றில்லை. கற்பனைக்கு இங்கு இடமுண்டு, ஆராய்ச்சிக்கு இல்லை.

இனித் தமிழ்ச் சான்றுகளை நோக்குவோம். சங்க நூல்களில் ஓவியம் உண்டு, ஓவியர் உண்டு, துகிலிகை என்னும் தூரிகையும் உண்டு. நற்றிணையில் பாலை பாடிய பெருங்கடுங்கோ பாதிரிப்பூவின் துய்யுடைய தலைக்கு ஓவியரின் துகிலிகையை உவமை கூறுகின்றார். அத்துகிலிகை தோய்ந்திருப்பது மெழுகில் அன்று, அரக்கில். அரக்கு வேறு, மெழுகு வேறு. முன்னது மரத்தில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசினும் செந்நிறமும். பின்னது தேனடையின் சுவர். இரண்டும் தீயில் இளகுவன என்னும் ஒற்றுமையால் இவற்றை மயங்கி எழுதுவாரும் உளர்.

மெழுகு என்னும் சொல் எவ்வாறு இயங்குகின்றது என்பதும் நோக்கத்தக்கது. மெழுகுதல் என்பது பூசுதல், தடவுதல். சாணங்கொண்டு தரை மெழுகுதல் நாம் நாளும் கேட்கும் வழக்கு. கோயிலில் அலகிடுதலையும் மெழுக்கிடுதலையும் பெரும் பணிகளாக அப்பர் அடிகள் போற்றுவார். பூசப்படும் பொருள் என்னும் பொருளிலேயே தேனடையின் பொருளுக்கும் மெழுகு என்பது பெயராயிற்று எனல் தகும். சித்த மருத்துவத்தில் அரைத்துத் திரட்டிய ஒருவகை மருந்துப் பக்குவத்திற்கும் மெழுகு என்பதே பெயர். ஆயின், பத்தி இலக்கியத்திற்கு வந்தவுடன் இச்சொல்லோடு ஒட்டிக்கொள்வது பூசுதற் பொருள் அன்று, உருகுதற் பொருள். திருவாசகத்தில் தீயைச் சேர்ந்த மெழுகு அன்பால் உருகும் உள்ளத்திற்கு உவமையாகின்றது. பொருள்களுள் எத்தனையோ உருகுவன இருக்க மெழுகே ஏன் உவமையாயிற்று? மெழுகு உருகி ஓடுவதை நாளும் கண்ட சமுதாயம் அது என்பது ஒரு விடை. எங்குக் கண்டது? வார்ப்புப் பட்டறையிலும் கண்டிருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து. இதனை முடிந்த முடிபாக உரைக்கின்றோமல்லேம்.

வார்ப்புக் கலையில் மெழுகின் பங்கினைச் சற்று விரித்தே கூறல் வேண்டும். கலை வரலாற்று நூல்கள் முடிந்த திருமேனியின் அழகைப் பேசும் அளவிற்கு மெழுகைப் பேசுவதில்லை.

கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் தபதிகள் இன்றும் செய்துவரும் முறை இது. தென்னோலை நறுக்கை மடித்து அளவுக்கோலாக்கித் திருமேனியின் உயரத்தைப் பகுத்துக்கொள்வர். தேன்மெழுகோடு குங்கிலியத்தைப் பொடித்திட்டு, எண்ணெய் சிறிது சேர்த்துக் காய்ச்சி வடிப்பர். தனி மெழுகு கோடையில் குழையும். குங்கிலியம் அதற்கு உரம் தரும். எண்ணெய் நெகிழ்ச்சி தரும். இம்மெழுகைக் கையால் உருட்டியும், சூடேற்றிய கருவியால் ஒட்டியும், சீவியும் முழு உருவையும் சமைப்பர். விரலின் வளைவும் அணியின் நுணுக்கமும் இந்நிலையிலேயே பெரும்பாலும் அமைந்துவிடும். பின்னர், காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணை உமிக்கரியோடு அரைத்து முதற்பூச்சு இடுவர். மெழுகிலுள்ள கோடு அனைத்தையும் பற்றிக்கொள்வது இம்முதற்பூச்சே. அதன்மேல் வயல்மண்ணும் மணலும் கலந்த பூச்சுகள் அடுக்கடுக்காக ஏறும். கம்பி கட்டி உலர்த்துவர். உலர்ந்த அச்சைத் தீயிலிட, மெழுகு விட்டு வைத்த துளை வழியே உருகி வெளியேறும். அவ்வெற்றிடத்தில் உருக்கிய உலோகம் ஊற்றப்படும். ஆறியபின் மண்ணை உடைத்தெடுப்பர்.

எனவே தபதியின் கை தொட்டுச் சமைத்த முதல் உரு எங்கும் இல்லை. நாம் அருங்காட்சியகங்களில் காணும் ஆடல்வல்லான், அவ்வுருவின் இடத்தை நிரப்பிய செம்பு. அச்சும் உடைபடுவதால் அத்தகைய மற்றொன்றை வார்க்கவும் இயலாது. மறுபடியும் மெழுகிலிருந்தே தொடங்கல் வேண்டும். சோழர் காலத் திருமேனிகளில் ஒன்றைப் போன்று மற்றொன்று இன்மைக்கு இதுவே அடிப்படை. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் செப்புத் திருமேனிகளின் உயரத்தை முழமும் விரலுமாக அளந்து கூறுவதோடு, கனமாக வார்த்தனவற்றையும் பொள்ளலாக வார்த்தனவற்றையும் பிரித்துக் காட்டுகின்றன. உள்ளே களிமண் கருவை வைத்து அதன்மேல் மெழுகைப் போர்த்தால் பொள்ளல். முழுதும் மெழுகாயின் கனம். கல்லில் வெட்டிய இவ்விரு சொற்களும் மெழுகுப் பட்டறையின் சொற்களே. மானசாரம் மெழுகு வார்ப்பிற்கெனத் தனி இயலே வகுத்துள்ளது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மூன்றாம் சோமேசுவரனின் மானசோல்லாசமும் அம்முறையை விளக்குகின்றது. ஆயினும் வடமொழிச் சிற்பநூலின் சொல்லைக் காட்டிலும், வார்ப்பவன் வாய்ச்சொல்லாகக் கல்வெட்டில் ஏறிய பொள்ளல் என்னும் தமிழ்ச்சொல் நமக்கு அருமையுடையது.

இங்கு ஒரு வியப்பு. இன்று மேனாட்டில் சுடுமெழுகு ஓவியம் எழுதுவார் கையாளும் கலவை யாது எனின், தேன்மெழுகும் தம்மர் என்னும் பிசினுமே. தம்மர் கீழைக் கடல் தீவுகளின் மரப்பிசின். நம் குங்கிலிய வகைகளைத் தரும் மரங்களின் குடும்பத்தையே பெரிதும் சார்ந்தது. மெழுகை உரமாக்கப் பிசினைச் சேர்த்தல் என்னும் அறிவு இரு நெறிகளுக்கும் பொது. ஆயின் அங்கு அது வண்ணத்தைத் தாங்கி நிலைக்க வேண்டியும், இங்கு வடிவத்தைத் தாங்கி மறைய வேண்டியும் சேர்க்கப்படுகின்றது. பொருள் ஒன்று, நோக்கம் எதிர். பொருள் ஒற்றுமை கொண்டு ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது என்பது, அரிசி ஒன்றாதலின் சோறும் கோலமும் ஒன்று என்பது போலாம்.

வானூர் வட்டத்துத் திருவக்கரையைக் கூறாது மேற்செல்லல் தகாது. சம்பந்தர் பாடிய இத்தலத்துச் சந்திரமௌலீசுவரர் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தவர் செம்பியன் மாதேவியார். செங்கல் தளிகள் பலவற்றைக் கற்றளியாக்கிய அப்பெருமாட்டி செப்புத் திருமேனிகளின் வளர்ச்சிக்கும் காரணராயினமை வரலாற்றாசிரியர் ஒருமுகமாக ஒப்புவது. அவ்வூரிலேயே ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகட்கு முற்பட்ட கல்மரங்கள் கிடக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சொன்னரா என்னும் பிரெஞ்சு இயற்கை நூலார் இவற்றை முதன்முதல் எழுதி வைத்தார். மரத்தின் உடலை நிலத்தடி நீரின் மணற்சத்து சிறிது சிறிதாக நிரப்ப, மரம் போயும் அதன் ஆண்டு வளையமும் கணுவும் கல்லில் நின்றுவிட்டன. மாதேவியாரின் கைவினைஞர் அக்கல்மரங்களைக் கண்டு கற்றனர் என யாம் கூற வரவில்லை. ஓர் உரு தன் முதற்பொருளை இழந்தும் நிலைக்கும் என்னும் உண்மையைக் கையால் தடவிப் பார்க்க அவ்வூரில் வாய்ப்புண்டு என்பதே குறிப்பு.

அடுத்து, துணியில் மெழுகு. இங்குச் சான்று மிகத் தெளிவானது. அதுவும் இப்பகுதிக்கு மிக அணிமையில் எழுதப்பட்டது. சுமார் 1734இல் பொலியே என்னும் பிரெஞ்சுக் கடற்படை அலுவலர், துபே என்னும் வேதியியலறிஞர் வேண்டியதற்கிணங்கப் புதுச்சேரியில் துணி எழுதுவோரைத் தம் கண்முன் எழுதச் செய்து, ஒவ்வொரு நிலையிலும் துணியில் ஒரு துண்டை அறுத்துக் கையெழுத்துச் சுவடியில் ஒட்டி வைத்தார். அச்சுவடியும் துண்டுகளும் இன்றும் பாரிசில் உள்ளன. 1742இல் கேர்தூ என்னும் இயேசு சபைத் துறவியார், கிறித்தவம் தழுவிய துணியெழுதுவோரை வினாவி அறிந்த செய்திகளை நீண்ட மடலாக எழுதினார். வடமொழி, கிரேக்கம், இலத்தீன் ஆகியவற்றின் உறவை 1767இலேயே எடுத்துக்காட்டிய மொழியறிஞராக அவரை நம் மாணவர் அறிவர். மெழுகெழுத்தின் வரலாற்றிலும் அவர்க்கு இடமுண்டு.

அவ்வுரைகளால் நாம் அறிவன இவை. வெளுத்த துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். கரித்தூளால் கோலத்தைப் பதித்துக் கருமையும் செம்மையும் பெறவேண்டிய கோடுகளை எழுதிச் சாயவேரில் காய்ச்சுவர். பின்னரே மெழுகின் தொழில். நீலம் ஏறவேண்டிய இலையும் பூவும் ஒழிய, ஏனைய இடமெல்லாம் உருகிய மெழுகால் மூடப்பெறும். மூடிய துணியை வெயிலில் விரிக்க, மெழுகு இளகி மறுபக்கத்தும் ஊறும். பின்னர் அவுரித் தொட்டியில் தோய்த்தெடுத்து, கொதிநீரில் மெழுகை நீக்குவர். செம்மைப் பரப்பினுள்ளே மயிரிழை போன்ற வெண்கோடுகள் வேண்டுமாயின், மயிர் உருண்டை கட்டிய இரும்பு எழுதுகோலால் மெழுகைத் தொட்டு முன்னரே எழுதிக்கொள்வர். உருண்டை சூடான மெழுகைப் பிடித்து வைத்திருக்கும். விரலால் அழுத்தும் அளவிற்கு முனையில் இறங்கும்.

கிரேக்கன் தழல் ஏந்திய இரும்பால் செய்ததைச் சோழமண்டலக் கரையின் எழுதுவோன் வெயிலால் செய்தான். சுட்டுப் பதித்தல் என்னும் பெயர் இவன் தொழிலுக்கும் சாலும். ஆயின் எழுதி முடித்த துணியில் மெழுகு ஒரு துளியும் இராது. மெழுகு இருந்த இடம் வெண்கோடாக, வெண்ணரம்பாக நிற்கும். அக்கோடுகளாலேயே கொடியும் மலரும் மரமும் உயிர்பெற்று, ஐரோப்பிய இல்லங்களின் கட்டிற்றிரையாகத் தொங்கின. தஞ்சை மராத்திய அரச குடும்பத்தார்க்கு நெய்யப்பெற்ற கோடாலிகருப்பூர்ச் சேலையில் பொற்சரிகை நெசவோடு இம்மெழுகெழுத்தும் இணைந்தது. அரசு போனபின் அச்சேலையும் போயிற்று.

சாவகத்தின் பத்திக் துணிக்கும் நம் மெழுகெழுத்திற்கும் உள்ள உறவு தனி ஆய்வுக்குரியது. கருவிகள் வேறு. அங்கு மூக்குடைய சிறு செப்புக் கிண்ணம். இங்கு மயிர் உருண்டை. ஆயின் காலம் ஒரு வட்டம் சுற்றிற்று. 1966இல் கே. சி. எஸ். பணிக்கர் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் நிறுவிய சோழமண்டல ஓவியர் கிராமத்தில், இளம் ஓவியர்கள் தம் ஓவியம் விலைபோகாத நாளில் பத்திக் துணி எழுதி விற்று வாழ்ந்தனர். மேனாட்டில் அதற்குச் சில ஆண்டுகட்கு முன்னரே, 1954 முதல் 1955 வரை, சாசுபர் ஜான்சு அமெரிக்கக் கொடியை மெழுகில் எழுதிச் சுடுமெழுகு ஓவியத்திற்குப் புதுவாழ்வு தந்திருந்தார். ஒரே காலத்தில் அங்கு மெழுகு புகழின் பொருளாக, இங்கு மெழுகு வயிற்றுப்பிழைப்பின் பொருளாக நின்றமை நினைக்கத்தக்கது. ஈஞ்சம்பாக்கத்தைத் தொட்டுத் தெற்கே வரும் அதே கடற்கரைச் சாலைதான் மரக்காணத்து உப்பளங்களின் ஊடே சென்று வானூர் வட்டத்தை அடைகின்றது.

இனி ஒரு வினா எஞ்சுகின்றது. மெழுகும் குங்கிலியமும் கையிலிருந்தும், உருக்கும் தொழில் கைவந்திருந்தும், தமிழர் ஏன் அதனைச் சுவரோவியத்திற்குக் கொள்ளவில்லை? விழுப்புரம் பகுதியிலேயே உள்ள பனைமலையில் இராசசிம்ம பல்லவன் காலத்து ஓவியம் எஞ்சியுள்ளது. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியத்தை 1931இல் எசு. கே. கோவிந்தசாமி கண்டு வெளிப்படுத்தினார். அதன் தொழில்முறையைச் சென்னை அருங்காட்சியக வேதியியலறிஞர் எசு. பரமசிவன் ஆராய்ந்து, ஈரச் சுண்ணப் பூச்சின்மேல் எழுதியது என்று காட்டினார். சுண்ணாம்பு எளிதிற் கிடைப்பது. கடற்கரையில் கிளிஞ்சலைச் சுட்டாலே போதும். தேன்மெழுகோ மலைப்பொருள். பொருநராற்றுப்படையில் தேனும் கிழங்கும் கொண்டுவந்தோர் மீன்நெய்யும் நறவும் மாற்றிச் செல்லக் காண்கின்றோம். குறிஞ்சிக்கும் நெய்தலுக்கும் இடையே கைம்மாறும் பொருள் அது. அத்தகு பொருளைச் சுவர் முழுதும் பூசுதலினும், பயன்படுத்தி உருக்கி எடுத்து மீண்டும் பயன்படுத்துதலே சிக்கனம். அச்சிலிருந்து வழியும் மெழுகைத் தபதி இன்றும் கலத்தில் ஏந்தி, அடுத்த உருவிற்கு வைத்துக்கொள்கின்றார். யவனர் நெறியில் மெழுகு ஒருமுறையே பயன்படும். தமிழர் நெறியில் ஒரே மெழுகு பல தெய்வங்களாகும். அழகுக்கொள்கையிலிருந்து அன்றி, பொருளின் அருமையிலிருந்தே இவ்வேறுபாடு பிறந்திருத்தல் கூடும் என்பது நம் துணிபு. மறுப்பார் கல்வெட்டுகளிலுள்ள மெழுகின் விலைக்குறிப்புகளைத் திரட்டி மறுப்பாராக. அத்திரட்டு இன்னும் செய்யப்படவில்லையாயின் முதுகலை மாணவர் ஒருவர் அதனை மேற்கொள்ளலாம்.

அதனோடு உடன் செய்யவேண்டிய மற்றொரு பணி சொற்களைத் திரட்டுதல். பொலியேயும் கேர்தூவும் கடுக்காயையும் சாயவேரையும் தமிழ்ப் பெயர் கேட்டுப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்தனர். பொலியேயின் கண்முன் மெழுகு தொட்டு எழுதிய அப்புதுச்சேரி எழுதுவோரின் பெயரை அவர் எழுதி வைத்திலர். அவர் கோடு மட்டும் பாரிசில், பதினோரு துணித்துண்டுகளில் உள்ளது.